மேல்மலையில் புல் நடுகிறோம்

ஜூன் மாதம் நெருங்கும்போது எனக்குப் போன் வர ஆரம்பித்துவிடும். கல்லூரி, கம்பெனி, நண்பர்கள் குழு என்று யார் யாரோ கூப்பிடுவார்கள். "மரக்கன்று தயாரா இருக்கு, நீலகிரியில் எங்கே நடலாம்?" என்பதுதான் கேள்வி. மலைமேல் அக்கறை உள்ளவர்கள் கேட்பதால் நானும் பொறுமையாகவே பதில் சொல்வேன். மேல்மலையில் மரம் எடுக்கத்தான் ஆள் வேண்டும், எடுத்த இடத்தில் புல் நட வேண்டும் என்பேன். சிலர் பேச்சை மாற்றிவிடுவார்கள். சிலர், "புல்லையா நடுவீங்க?" என்று திரும்பக் கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் போனில் முழுதாகப் பதில் சொல்ல முடிவதில்லை. அதனால்தான் இந்தக் கட்டுரை.

சுமார் 2,000 மீட்டர் உயரத்துக்கு மேலே நீலகிரியின் இயல்பான முகம் புல்வெளியும் சோலையும் கலந்ததுதான். மலை மடிப்பிலும் ஓடைக்கரையிலும் குட்டை மரங்கள் நெருங்கி நிற்கும் சோலை, மேட்டிலும் சரிவிலும் புல், தாழ்வான இடத்தில் சதுப்பு. பழனி மலை, ஆனைமலை, மூணாறு மேல்பகுதி எங்கும் இதே அமைப்பைப் பார்க்கலாம். புதிதாக வருகிறவர்களுக்குச் சோலை மட்டும்தான் காடாகத் தெரியும். புல்மேடு, யாரோ மரத்தையெல்லாம் வெட்டிவிட்டுப் போன இடம் போலத் தெரியும். உண்மையில் அங்கே மரம் ஏறாததற்குப் பெரிய காரணம் உறைபனி. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை வெட்டவெளியில் தரையை ஒட்டிய குளிர் உறைநிலைக்கும் கீழே போகும். நாவல், சண்பகம் போன்ற சோலை மரங்களின் கன்று அந்தக் குளிரில் கருகிவிடும். புல்லின் இலையும் கருகும்தான். ஆனால் தூர் மண்ணுக்குள் உயிரோடு இருக்கும், மழை விழுந்ததும் தளிர்த்துவிடும். பல ஆயிரம் ஆண்டுகளாக நடக்கும் ஏற்பாடு இது.

இந்த ஏற்பாட்டைக் கலைத்தது ஆஸ்திரேலியாவிலிருந்து வந்த மரங்கள். உறைபனியைத் தாங்கும் சீகை (வாட்டில்) மரமும் கற்பூர மரமும் (யூகலிப்டஸ்) 19ஆம் நூற்றாண்டின் முதல் பாதியில் வெள்ளைக்காரர்களால் விறகுக்காகக் கொண்டுவரப்பட்டன. சுதந்திரத்துக்குப் பிறகு தோல் பதனிடச் சீகைப் பட்டையும், ரேயான் ஆலைக்கு மரக்கூழும் தேவைப்பட்டதால் புல்வெளிகளில் பெரிய அளவில் நட்டார்கள். பைன் மரமும் வந்தது. நடுவதை நிறுத்தி முப்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. மரங்கள் பரவுவது நிற்கவில்லை. பழனி மலையில் செயற்கைக்கோள் படங்களை வைத்துச் செய்த ஓர் ஆய்வு, 1973க்கும் 2014க்கும் இடையே அங்கே இருந்த புல்வெளியில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு போய்விட்டது என்கிறது. யாரும் நடாமலே, சீகை தானாகப் பரவிப் பிடித்துக்கொண்ட இடமும் அதில் நிறைய.

புல் போனால் என்ன, மரம் பச்சையாகத்தானே இருக்கிறது என்று நினைக்கலாம். தண்ணீர்க் கணக்கைப் பார்த்தால் அப்படித் தோன்றாது. நீலகிரி கிளன்மார்கனில் ஊட்டி மண், நீர்வளப் பாதுகாப்பு ஆராய்ச்சி மையத்தினர் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு சிறு நீர்ப்பிடிப்புகளை எடுத்துக்கொண்டு பல ஆண்டுகள் அளந்தார்கள். ஒன்றை இயல்பான புல்வெளியாகவே விட்டார்கள். இன்னொன்றில் பாதிக்கும் சற்று அதிகமான பரப்பில் 1972இல் கற்பூர மரம் நட்டார்கள். முதல் பத்து வருடச் சுற்றில் மரம் நட்ட பக்கத்து நீர்வரத்து சுமார் 16 சதவீதம் குறைந்தது. வெட்டிய அடிமரத்திலிருந்து மறுபடி துளிர்த்த இரண்டாம் சுற்றில் சுமார் 25 சதவீதம் குறைந்தது. அதிலும் கோடையில் ஓடும் ஊற்று நீரில் விழுந்த அடிதான் பெரியது. கீழே பவானியையும் மாயாற்றையும் நம்பி இருப்பவர்களுக்கு மார்ச், ஏப்ரலில் வரும் அந்தக் கொஞ்சத் தண்ணீர்தான் முக்கியம். மேலே ஊற்றையே குடிநீராக வைத்திருக்கும் கிராமங்களுக்கோ வேறு வழியே கிடையாது.

நான் வேலை செய்வது நீலகிரியில் குந்தா பக்கம். தேயிலைத் தோட்டங்கள் முடிந்து புல்மேடு தொடங்கும் விளிம்பில் ஒரு சரிவு, அதன் கீழே ஓர் ஓடை, ஓடையை நம்பி ஒரு கிராமம். சரிவின் ஒரு பாதி பட்டா நிலம், மேல்பாதி வனத்துறையுடையது. இந்த எல்லை விவகாரத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஆர்வத்தில் பலர் இதை மறந்துவிடுகிறார்கள். காப்புக்காட்டில் அனுமதி இல்லாமல் களைச்செடியைக்கூடப் பிடுங்கக் கூடாது. பட்டா நிலமாக இருந்தாலும் நீலகிரியில் மலைப்பகுதி மரப் பாதுகாப்புச் சட்டம், 1955 இருக்கிறது, மரம் வெட்டுவதற்கு முன் அனுமதி கேட்க வேண்டும். இப்போது சூழ்நிலை முன்பைவிட நன்றாக இருக்கிறது. அந்நிய மரங்களை அகற்றச் சொல்லி உயர் நீதிமன்ற உத்தரவுகள் இருக்கின்றன. ஆக்கிரமிப்புத் தாவரங்களுக்காகவே தமிழக அரசு 2022இல் ஒரு கொள்கையை வெளியிட்டது. வரையாட்டைக் காக்கும் அரசுத் திட்டத்திலும் புல்வெளி மீட்பு ஒரு பகுதி. ஆகவே ரேஞ்சர் அலுவலகத்தில் போய் உட்கார்ந்து பேசினால் காது கொடுக்கிறார்கள். வரைபடமும் நில ஆவணமும் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, எங்கிருந்து தொடங்குவது. சீகை அடர்ந்து நிற்கும் பெரிய தோப்பைப் பார்த்தால் அதை முதலில் வெட்டிச் சாய்க்க வேண்டும் என்றுதான் கை பரபரக்கும். வேண்டாம். நல்ல புல் இன்னும் உயிரோடு இருக்கும் இடத்தில், அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சீகைக்கன்று தலைகாட்டும் விளிம்பில் தொடங்குங்கள். அங்கே ஒருவர் ஒரு நாளில் காப்பாற்றும் புல்வெளியை, முற்றிய தோப்பில் பத்துப் பேர் ஒரு மாதம் உழைத்தாலும் மீட்க முடியாது. பழைய தோப்புக்கு அடியில் மண்ணில் சீகை விதை குவிந்து கிடக்கும். அதன் ஓடு கெட்டி. ஐம்பது ஆண்டுகள் வரைகூட முளைக்கும் திறனோடு மண்ணுக்குள் காத்திருக்கும். தோப்பை மொத்தமாக வெட்டி வெயிலை உள்ளே விட்டாலோ தீ பட்டாலோ அத்தனையும் ஒரே மழையில் எழுந்து வரும். கீரைப்பாத்தி போல அப்படி நெருக்கமாக முளைத்த சரிவுகளை இந்த மலையில் எத்தனையோ பார்த்துவிட்டேன்.

பழைய தோப்புகளில் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குனிந்து உள்ளே போய்ப் பாருங்கள். பல இடங்களில் சீகையின் நிழலில் சோலைக் கன்றுகள் வந்திருக்கும். பறவைகள் போட்ட விதை, மேலே நிழல் இருப்பதால் உறைபனியும் தாக்காது. சோலைக்குப் பக்கத்தில் இருக்கும் தோப்பு என்றால் நாவலும் சண்பகமும் இடுப்பளவு நிற்பதைப் பார்க்கலாம். அந்தத் தோப்பை வெட்டினால் அந்தக் கன்றுகளும் போய்விடும். அங்கே நாங்கள் செய்வது பெரிய சீகை மரங்களின் பட்டையை மட்டும் ஒரு முழ அகலத்துக்குச் சுற்றி உரித்துவிடுவது. அதுவும் ஒரே வருடத்தில் எல்லா மரத்தையும் உரிப்பதில்லை, கொஞ்சம் கொஞ்சமாக. மரம் நின்றபடியே காயும், வெயில் மெல்ல இறங்கும், கன்று பழகிக்கொள்ளும். பாதை ஓரத்திலும் மின்கம்பி அருகிலும் மட்டும் இப்படி விடக் கூடாது. சீகைக்கு வேர் ஆழமாக இறங்காது. பச்சை மரமே மழைக்காற்றில் சாய்ந்து சாலையை மறிக்கும், காய்ந்தது கேட்கவே வேண்டாம்.

விளிம்பில் வேலை வேறு மாதிரி. கட்டைவிரல் தடிமன் வரை உள்ள கன்றுகளைக் கையால் பிடுங்குகிறோம். மழை பெய்து மண் இளகியிருக்கும் நாள்தான் இதற்குச் சரி. காய்ந்த மண்ணில் இழுத்தால் கழுத்தில் ஒடிந்துவிடும், ஒடிந்த இடத்துக்குக் கீழே இருந்து இரண்டாகத் துளிர்க்கும். கன்றை அடியோடு சேர்த்துப் பிடித்து, உடம்பின் பாரத்தைப் பின்னால் சாய்த்து, மெதுவாக, நேராக மேலே இழுக்க வேண்டும். வேர் விடுவது கையில் தெரியும். சின்னச் சின்ன நரம்புகள் அறுவது போல ஒரு நடுக்கம் வரும், அப்புறம் சட்டென்று முழு வேரும் கருப்பு மண்ணோடு வந்துவிடும். வேரில் வெள்ளையும் சிவப்புமாகச் சின்ன முடிச்சுகள் ஒட்டியிருக்கும். காற்றில் உள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்ப்பவை அவை. சத்து குறைந்த மண்ணுக்குப் பழகிய மேல்மலைப் புல்லுக்கு இந்தக் கூடுதல் சத்து உதவுவதில்லை, களைகளுக்குத்தான் கொண்டாட்டம். பிடுங்கிய கன்றை வேர் மேலே தெரியும்படி கவிழ்த்து, இன்னொரு செடியின் மேல் போட்டுவிடுவோம். ஈரத் தரையில் போட்டால் சில சமயம் மறுபடி பிடித்துக்கொள்ளும்.

தடித்த மரத்தை வெட்டினால் அடிக்கட்டையின் பட்டையை மண் மட்டத்துக்குக் கீழே வரை உரித்துவிட வேண்டும். சில்வர் வாட்டில் என்னும் வகைக்கு இதுவும் போதாது. அதன் வேர் நெடுக முளைகள் கிளம்பும். ஒரு மரத்தை வெட்டினால் சுற்றிலும் ஒரு கூட்டமே வரும். அந்த வகை நிற்கும் இடத்தில் வெட்டுவதற்கு முன்பே, அடுத்த மூன்று நான்கு வருடங்களுக்கு முளை கிள்ள ஆளும் கூலிக்குப் பணமும் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் அந்த மரத்தைத் தொடாமல் விடுவது மலைக்குச் செய்யும் நன்மை. நான் சொல்ல வந்ததிலேயே முக்கியமானது இதுதான் என்று நினைக்கிறேன். மலை மீட்பு என்றால் முதல் நாள் கூட்டம், படம், பேனர் என்று எல்லோருக்கும் தெரிகிறது. மூன்றாம் வருடம் ஆகஸ்டில், அட்டை கடிக்க, அதே சரிவில் அதே வரிசையில் நடந்து முளைத்ததைப் பிடுங்குவதுதான் மீட்பு. அதற்கு யாரும் நன்கொடை தருவதாகச் சொல்லி முன்வருவதில்லை. நாங்கள் திட்டம் போடும்போது கையில் இருக்கும் பணத்தில் பெரும்பகுதியை இரண்டாம் வருடத்திலிருந்து செலவழிப்பதற்கென்றே ஒதுக்கிவைக்கிறோம். அதனால் முதல் வருடம் எடுக்கும் பரப்பு சின்னதாகிவிடும். சின்னதாகவே இருக்கட்டும்.

இப்போது புல். சீகையை எடுத்துவிட்டால் புல் தானாக வந்துவிடுமா? பக்கத்தில் நல்ல புல் இருந்து, மரம் வந்து அதிக காலம் ஆகாமல் இருந்தால் வரும். ஓரிரு மழைக்காலம் பொறுத்தாலே போதும். நிழலில் பல ஆண்டுகள் கிடந்த மண்ணில் வராது, அங்கே களைகள்தான் முந்திக்கொள்ளும். அங்கே நட வேண்டும். எந்தப் புல்லை நடுவது என்பதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நாற்றுப்பண்ணையில் எளிதாகக் கிடைக்கிறது, சீக்கிரம் மூடும் என்று கிக்குயு புல்லைப் பரிந்துரைப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். ஆப்பிரிக்காவிலிருந்து வந்த புல் அது. பாய் விரித்தது போலத் தரையை மூடி வேறு எதையும் வளர விடாது. சீகைக்குப் பதில் கிக்குயு என்றால் இத்தனை பாடு எதற்கு? இந்த மலையின் புல்வெளியில் கொத்துக்கொத்தாக வளரும் புல் வகைகள் பல, அவற்றுக்கு நடுவே ஆர்க்கிட், பூச்செடி, குட்டைக் குறிஞ்சி வகைகள் என்று ஒரு சதுர மீட்டரிலேயே எத்தனையோ இருக்கும். நாம் நடுவது நான்கைந்து வகையாவது இருக்க வேண்டும். மற்றவை மெல்ல வந்து சேரும்.

நாற்றை நாங்களே தயார் செய்கிறோம். தாய்ப்புல்லை நல்ல புல்வெளியிலிருந்து எடுப்பது கிடையாது. ஒன்றை வாழவைக்க இன்னொன்றைத் தோண்டுவதில் அர்த்தமில்லை. சாலை அகலப்படுத்தும்போது வெட்டிய மேடுகளில், எப்படியும் சரியப் போகும் மண்ணில் நிற்கும் குத்துகளை அனுமதி வாங்கி எடுத்துவந்து பாத்தியில் வளர்க்கிறோம். ஒரு குத்தைப் பெயர்த்து, மண்ணை உதறி, இரண்டு கட்டைவிரலையும் நடுவில் விட்டுப் பிளந்தால் அது தானாகவே எங்கே பிரிய வேண்டுமோ அங்கே பிரியும். மூன்று நான்கு தண்டும் கொஞ்சம் வேரும் ஒரு பிரிவில் இருந்தால் போதும். இலையை ஒரு சாண் விட்டு நறுக்கி, வேரைச் சேற்றுக் குழம்பில் முக்கி, அன்றே நட்டுவிட வேண்டும். தென்மேற்கு மழை பிடித்த பிறகு, ஓர் அடி இடைவெளியில், சரிவுக்குக் குறுக்காக வரிசை வைத்து நடுகிறோம். நட்ட பிறகு குதிகாலால் மண்ணை அழுத்திவிட வேண்டும், காற்றுப்பை இருந்தால் வேர் காய்ந்துவிடும். தண்ணீர் ஊற்றத் தேவையில்லை. தண்ணீர் ஊற்ற வேண்டிய காலத்தில் நட்டால் நட்ட காலமே தவறு.

விதை எடுப்பது எனக்கு மிகவும் பிடித்த வேலை. நவம்பர் கடைசியிலிருந்து ஜனவரி வரை வகைக்கு ஒரு நேரத்தில் முற்றும். கதிரை விரலிடுக்கில் வைத்து லேசாக உருவிப் பார்க்க வேண்டும். தானாகக் கழன்று வந்தால் முற்றிவிட்டது, இழுக்க வேண்டியிருந்தால் இன்னும் ஒரு வாரம். ஒரு புல்வெளியில் கால்வாசிக்கு மேல் எடுக்கக் கூடாது. சில புல் விதைகளுக்குக் கருப்பாக நீண்ட வால் இருக்கும். ஈர உள்ளங்கையில் ஒன்றை வைத்துக் கொஞ்ச நேரம் பாருங்கள், அந்த வால் மெல்ல முறுக்கு அவிழ்ந்து சுழலும். ஈரம் பட்டால் அவிழும், காய்ந்தால் முறுக்கும். இப்படிச் சுழன்று சுழன்றே விதை தன்னை மண்ணுக்குள் திருகிக்கொள்கிறது. பள்ளிப் பிள்ளைகள் வந்தால் இதைத்தான் முதலில் காட்டுவேன். அதற்கப்புறம் அவர்கள் புல்லை மிதிக்காமல் நடக்கப் பார்ப்பார்கள்.

சோலை மரம் நடவே மாட்டீர்களா என்று கேட்பார்கள். நடுகிறோம், சோலை இருந்த இடத்தில், சோலையின் ஓரத்தில், ஓடைக்கரையில். வெட்டவெளியில் நட்ட கன்றை உறைபனி விடாது. ஏற்கெனவே நிற்கும் மரத்தின் நிழலில், விளிம்பிலிருந்து வெளியே இரண்டு மூன்று அடி தள்ளி நட்டு, முதல் இரண்டு பனிக்காலத்துக்குத் தாகை என்ற காட்டுச்செடியை ஒடித்து மூடிவைத்தால் பிழைக்கும். தேயிலைச் செடிக்கு இங்கே காலங்காலமாகச் செய்வதுதான். காட்டுப்பூவரசு மட்டும் விதிவிலக்கு. அது புல்மேட்டில் தனியாக நின்று சிவப்பாகப் பூக்கும் மரம், குளிரையும் தாங்கும் தீயையும் தாங்கும்.

தீயைப் பற்றிச் சொல்ல வேண்டும். பனியில் காய்ந்த புல் பிப்ரவரி, மார்ச்சில் ஒரு பீடித் துண்டுக்கும் பிடிக்கும். நல்ல புல்வெளியில் எப்போதாவது தீ வந்தால் புல் எழுந்துவிடும். மீட்பு நடக்கும் சரிவில் வந்தால் மண்ணில் கிடக்கும் சீகை விதை மொத்தமும் முளைக்கும். ஜனவரி முடிவதற்குள் தீத்தடுப்புக் கோடு எடுத்துவிடுகிறோம். அதைவிட, சரிவைச் சுற்றி யார் யார் நடமாடுகிறார்கள் என்று தெரிந்து அவர்களோடு பேசிவைத்திருப்பது பெரிய பாதுகாப்பு.

அந்தப் பேச்சில்தான் எனக்கு மிகப் பெரிய பாடம் கிடைத்தது. கிராமக் கூட்டத்தில் நான் தண்ணீர், ஊற்று, வரையாடு என்று சொல்லிக்கொண்டிருந்தபோது, தோட்ட வேலைக்குப் போகும் வயதான ஓர் அக்கா எழுந்து, "தம்பி, சீகையை எல்லாம் எடுத்துட்டா அடுப்புக்கு நாங்க எதை வெக்கிறது? கேஸ் விலை தெரியுமா உங்களுக்கு?" என்று கேட்டார். நியாயமான கேள்வி. மேல்மலையில் குளிருக்கு அடுப்பு எரியாமல் குடும்பம் நடக்காது, விறகு என்றால் சீகைதான். அந்த அக்காவையும் இன்னும் சிலரையும் கூட்டிக்கொண்டு சரிவு முழுக்க நடந்தோம். ஊருக்குப் பக்கத்தில் உள்ள தோப்பை விறகுக்கென்றே விட்டுவிடுவது, மேலே வெட்டும் மரத்தைத் துண்டுபோட்டுப் பாதை வரை இறக்கி ஊர்க்காரர்களுக்குக் கொடுப்பது, விறகுத் தோப்பிலிருந்து விதை மேலே பரவாமல் நடுவில் ஓர் அகலப் பட்டையை வருடாவருடம் சுத்தம் செய்வது என்று அங்கேயே முடிவானது. எந்த ஊற்று எந்த மாதத்தில் வற்றும், முன்பு எங்கே சதுப்பு இருந்தது என்பதெல்லாம் அன்றைக்கு அவர்கள் கைகாட்டித்தான் எனக்குத் தெரிந்தது. என்னிடம் இருந்த வரைபடத்தில் அந்தச் சதுப்பே இல்லை.

வேலைக்கும் அவர்களேதான் வருகிறார்கள். தோட்டக் கூலிக்குக் குறையாமல், வாரக் கடைசியில் கையில் கொடுத்துவிட வேண்டும். இதில் பாக்கி வைத்தால் மீட்பு அதோடு முடிந்தது. பனிக்காலத்தில் தேயிலைக் கொழுந்து குறைந்து தோட்டத்தில் வேலை சுருங்கும். விதை எடுப்பதும் தீக்கோடு போடுவதும் சரியாக அந்த மாதங்களில் வருவதால் இரண்டும் பொருந்திப்போகிறது. தன்னார்வலர்கள் வரட்டும், மகிழ்ச்சி. சீகைக்கன்றையும் சின்னச் சோலைச் செடியையும் முதல் பார்வையில் பிரித்தறிய ஒரு பருவமாவது ஆகும் என்பதால், நிலத்தை அறிந்த கூலியாட்கள்தான் முன்னால் நடப்பார்கள், வந்தவர்கள் அவர்கள் பின்னால்.

மேய்ச்சலையும் எதிரியாகப் பார்க்கக் கூடாது. தோதவர் (தோடர்) பழங்குடியினரின் எருமைகள் இந்தப் புல்வெளியில் நெடுங்காலமாக மேய்ந்தவை. எருமை குறைந்த இடங்களில் புதர் ஏறுவதை நான் பார்த்திருக்கிறேன். அவர்கள் கோயில் கூரை வேயும் புல் சதுப்பில் வளர்வது, நீலகிரியைத் தவிர வேறெங்கும் இல்லாத இனம். சதுப்பு வற்றினால் அந்தக் கூரைக்கும் வழியில்லை. நாங்கள் நட்ட இடத்துக்கு மட்டும் முதல் இரண்டு வருடம் சீகைக் கிளையால் வேலி கட்டுகிறோம். புல் தூர் கட்டியதும் வேலியைப் பிரித்து மாடு உள்ளே வர விடுகிறோம்.

வேலை தொடங்கும் முன்பே அளக்கத் தொடங்கிவிடுங்கள். பெரிய கருவி எதுவும் வேண்டாம். ஓடை ஒரு பாறையிலிருந்து விழும் இடத்தில் ஒரு வாளியை வைத்து, நிரம்ப எத்தனை வினாடி என்று ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் குறித்துவையுங்கள். மழையளவையும் கூடவே எழுத வேண்டும், இல்லாவிட்டால் நல்ல மழை வருடத்தின் தண்ணீரை நம் வேலையின் பலன் என்று சொல்லிவிடுவோம். இந்த மலையில் மழை அப்படித்தான் ஏறி இறங்கும். 2019 ஆகஸ்டில் அவலாஞ்சியில் ஒரே நாளில் 80 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஓடைத் தண்ணீரில் எங்கள் சரிவு என்ன மாற்றம் செய்தது என்று இன்னும் சில வருடக் கணக்கு இல்லாமல் நான் சொல்ல மாட்டேன். புல்லைப் பற்றித் தயக்கமில்லாமல் சொல்வேன். ஒரு மீட்டர் சதுரச் சட்டத்தை அடையாளக் கல் வைத்த அதே இடங்களில் போட்டு, உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதுகிறோம். முதலில் வெறும் மண்ணும் சீகை முளையுமாக இருந்த சட்டங்களில் இப்போது நாங்கள் நடாத பூச்செடிகளும் வந்திருக்கின்றன. காட்டெருமை மேய வருகிறது, கடமான் எச்சம் கிடக்கிறது. நீலகிரி நெட்டைக்காலி என்ற, புல்வெளியை விட்டு வேறெங்கும் வாழாத சின்னப் பறவை மேல்விளிம்பில் தென்படுகிறது. வரையாடு வரவில்லை, எங்கள் சரிவு அதற்கு ஏற்ற பாறைச் சரிவும் இல்லை. தமிழ்நாட்டில் 2024 கணக்கெடுப்பில் 1,031ஆக இருந்த வரையாடு 2025இல் 1,303 என்று எண்ணப்பட்டது. அவை ஒரு மலைமுகட்டிலிருந்து இன்னொன்றுக்குப் போக இடையில் புல் இருக்க வேண்டும், மரத்தோப்புக்குள் அவை இறங்காது. எங்களைப் போலச் சின்னச் சின்னத் துண்டுகளில் வேலை செய்பவர்கள் எந்தத் துண்டை எடுக்கலாம் என்று யோசிக்கும்போது, இரண்டு நல்ல புல்வெளிகளுக்கு நடுவில் இருக்கும் இடத்துக்கு முதலிடம் கொடுப்பது நல்லது.

புல்வெளி மீட்பு நம் மலையில் மட்டும் நடப்பதும் இல்லை. கேரள எல்லைக்குள் ஆனமுடிச்சோலைத் தேசியப் பூங்காவில் பழத்தோட்டம் என்ற இடத்தில், தீயில் அழிந்த சீகைத் தோட்டத்தை வனத்துறையும் ஊர்மக்களும் சேர்ந்து புல்வெளியாக மாற்றியிருக்கிறார்கள். வாய்ப்புக் கிடைப்பவர்கள் அனுமதியோடு போய்ப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்கலாம்.

எங்கள் சரிவுக்கு மேலே உள்ள முகட்டில் ஸ்காட்ச் புரூம் என்ற மஞ்சள் பூ புதர் இறங்க ஆரம்பித்திருக்கிறது. சீகையைப் போலவே அதற்கும் கெட்டி விதை, காய் வெடித்துத் தெறிக்கும். இப்போதைக்குக் கையால் பிடுங்கும் அளவில்தான் நிற்கிறது. காய் முற்றுவதற்குள் எடுக்க வேண்டும் என்று அனுமதிக்கு எழுதியிருக்கிறோம். மழை நிற்பதற்குள் கிடைத்துவிட்டால், வேரோடு வரும்.